பிள்ளை கேட்கும் ஹெட்செட்



தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாட்களில் பங்கு இல்லத்திற்கு வரும் வினாக்கள் காலத்திற்கேற்ப மாறி வருகின்றன. சைக்கிள் வாங்கலாமா, தையல் மெஷின் வாங்கலாமா என்று ஒரு காலத்தில் நம்மிடம் யோசனை கேட்ட குடும்பங்கள் உண்டு. அக்குடும்பங்களே இப்பொழுது, "சாமி, பையன் வீடியோ கேம் விளையாட ஹெட்செட் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? கொடுப்பதானால் எதை வாங்குவது?" என்று கேட்கின்றன.

இதில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. விளையாட விடலாமா, எத்தனை நாழிகை விடலாம் என்பவற்றைப் பெற்றோர் தத்தம் பிள்ளையின் இயல்பையும் படிப்பையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆட்டமாயின் யோசனைக்கே இடமில்லை. இணையவழிப் பணப் பந்தய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றமே 2025ஆம் ஆண்டு இயற்றியிருக்கிறது. அதே சட்டம், திறமையால் போட்டியிடும் இ-ஸ்போர்ட்ஸ் எனும் விளையாட்டுகளை ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே விளையாட்டு அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகாது.

"எதை வாங்குவது?" என்ற இரண்டாம் வினாவைப் பலரும் சிறிது என எண்ணிக் கடைக்காரரிடம் விட்டுவிடுகின்றனர். ஆயின் ஒரு பிள்ளையின் செவியோடு ஒட்டி நாள்தோறும் மணிக்கணக்கில் இருக்கப்போகும் பொருளைப் பற்றிய வினா அது. செருப்பு வாங்கப் பிள்ளையைக் கையோடு அழைத்துச் சென்று, போட்டு நடக்கச் சொல்லிப் பார்க்கும் நாம், செவிக்கு வாங்கும் பொருளைப் பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்து வாங்கலாமா?

நமது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழ்வோர்க்கு ஓசை புதிதன்று. நூற்பாலைகளின் இரைச்சலில் மூன்று தலைமுறையினர் உழைத்திருக்கின்றனர். மருத்துவமனைகளுக்கான கட்டுத் துணி நெய்யும் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓயாமல் ஓடுகின்றன. மதுரை–கொல்லம் சாலையில் பேருந்துகளின் ஹார்ன் ஓய்வதில்லை. திருவிழாக்கால ஒலிபெருக்கிகளையோ சொல்ல வேண்டுவதில்லை. எல்லாச் சமயத்தாருடையதையும், நம்முடையதையும் சேர்த்தே சொல்லுகிறோம். இத்தனை ஓசைக்கு நடுவே வாழும் வீடுகளில், ஆலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் பலர் உரத்துப் பேசுவதையும், தொலைக்காட்சியை உரக்க வைப்பதையும் காண்கிறோம். "அவருக்குக் கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி வீட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அண்மையில் அத்தகைய ஒரு வீட்டுத் தந்தை தம் மகனோடு நம்மைக் காண வந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் நூற்பாலையில் நூல் சுற்றும் இயந்திரங்களுக்கு இடையே நின்றவர். மகன் பதினோராம் வகுப்பு மாணவன், கண்ணாடி அணிந்தவன், படிப்பில் குறையில்லாதவன். அக்காள் கல்லூரிப் படிப்பிற்காக வாங்கிய கணினியில், சிவகாசியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து விளையாடுகிறான். பேருந்து நிலையத்தருகே வாங்கிய மலிவான இயர்போன் ஒன்றைச் செவிக்குள் செருகி விளையாடி, காதுவலியும் வந்திருக்கிறது. நல்ல ஹெட்செட் வேண்டும் என்பது அவன் கோரிக்கை.

தந்தை நம்மிடம் சொன்ன வார்த்தைகள் இவை: "சாமி, மில்லு என் காதை வாங்கிக்கிட்டு எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இவன் காசையும் குடுத்துக் காதையும் குடுக்கப் போறானே!"

மகன் தலைகுனிந்தவாறே, "நல்லா கேக்கணும்னுதான் ஃபாதர் கேக்கிறேன். எதிராளி நடந்து வர்ற கால் சத்தம் எந்தப் பக்கம்னு தெரியலேன்னா எங்க டீம் தோத்துரும்," என்றான்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஒருவர் செவியை இழந்தவர். மற்றவன் செவியை நம்பி விளையாடுகிறவன். இருவரையும் அழைத்துக்கொண்டு நாமே கடைக்குச் சென்று பார்ப்பதென்று முடிவு செய்தோம். குருமட நாட்களில் பாடற்குழுவிலும், ஒலிபெருக்கிப் பொறுப்பிலும் இருந்தமையால் ஒலியைப் பற்றிச் சிறிது அறிவோம். எஞ்சியதைப் படித்தும், பங்கிலுள்ள பொறியியல் மாணவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஹெட்போன் எனும் கருவி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் நினைவிற்கொள்வது நலம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர், 1910ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையில் இருந்தே இக்கருவிகளைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். பெரிய ஆலயத்தில் மறையுரை சரியாகக் கேட்கவில்லையே என்ற குறைதான் ஒலியைப் பெருக்கும் ஆராய்ச்சியில் அவரை இறக்கியது என்பர். கப்பலில் இருந்த கம்பியில்லாத் தந்திப் பணியாளர்கள், தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறிகளைத் தவறவிடாமல் கேட்பதற்கே அதனைத் தலையில் அணிந்தனர். மெல்லிய ஒலியைத் தெளிவாகக் கேட்பிப்பதே இக்கருவியின் பிறவிப் பயன். அதே அளவுகோலைக் கொண்டே இன்றும் ஒரு ஹெட்செட்டை அளக்கலாம். தாழ்ந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கச் செய்வது நல்லது. கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போகச் செய்வது தீது.

செவி எவ்வாறு திசையை அறிகிறது என்பது வியப்புக்குரியது. வலப்புறத்தில் ஒரு சுள்ளி முறிந்தால் அவ்வொலி வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியை அடைய நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரம் பிந்துகிறது. தலையின் மறைவினால் இடச்செவியில் ஒலி சற்றுக் குன்றியும் கேட்கிறது. இவ்விரு சிறு வேறுபாடுகளையும் மூளை கணக்கிட்டு, "ஒலி வலப்புறத்தே" என்று சொல்லிவிடுகிறது. மடற்செவியின் மடிப்புகள் மேலிருந்தா, பின்னிருந்தா என்பதை உணர உதவுகின்றன. விளையாட்டை அமைப்போர் இவ்வேறுபாடுகளையே கணக்கிட்டு இரு செவிக்கும் தனித்தனியே ஒலியை அனுப்புகின்றனர். எனவே வலமும் இடமும் ஒத்த தரத்தில் ஒலிக்கும் எளிய ஸ்டீரியோ ஹெட்செட்டே பெரும்பாலும் போதுமானது. பெட்டியின் மேல் '7.1' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் செவிக்கு ஒன்றாக இரண்டு ஒலிப்பான்களே உள்ளன. மற்றவை மென்பொருளின் ஜாலம். விளையாட்டிலும் அவ்வசதி இருந்து, கருவியிலும் அதனை இயக்கினால் திசை தெளிவதற்கு மாறாகக் குழம்பிவிடும்.

இனிக் கடைக்குச் சென்ற கதை. ராஜபாளையத்தில் நாம் முதலில் சென்ற கடையில் பெட்டிகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டுமாம். அணிந்து பாராமல் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, மூவரும் பேருந்தேறி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். அங்கே ஓர் இளைஞர் நடத்தும் சிறிய கணினிக் கடையில், பயன்படுத்திப் பார்ப்பதற்கென்றே சில ஹெட்செட்களைத் திறந்து வைத்திருந்தார். அவற்றுள் மூன்றை மேசைமேல் எடுத்து வைத்தார்.

முதலாவது, பல வண்ண விளக்குகள் மின்னும் பெரிய ஹெட்செட். இரண்டாவது, செவிமடலின் மேல் அழுந்தி நிற்கும் சிறியது. மூன்றாவது, விளக்கோ பளபளப்போ இல்லாத கறுப்பு நிறத்தது; செவி முழுவதும் உள்ளே அடங்குமளவு அகன்ற குழியும், துணியாலான மெத்தையும் உடையது.

பையனின் கண் முதலாவதன்மீதே சென்றது. அணிந்து பதினைந்து நிமிடம் அமர்ந்திரு என்றோம். கடையில் ஒரு நிமிடம் அணிந்தால் எல்லாம் இதமாகவே தோன்றும். கால் மணி நேரம் சென்றபின்தான் உண்மை வெளிப்படும். எடையை முதலில் கவனிக்க வேண்டும். ஹெட்செட்கள் பலவும் 200 முதல் 350 கிராம் வரை இருக்கின்றன. நூறு கிராம் வேறுபாடு கையில் தெரியாது; இரண்டு மணி நேரம் சென்றபின் கழுத்தும் உச்சந்தலையும் அதைச் சொல்லும். அடுத்தது பிடிப்பு. இருபுறமும் இறுக்கிப் பிடித்தால் கன்னப்பொறி வலிக்கும். தளர்ந்திருந்தால் குனியும்போது நழுவும், அடித்தொனியும் கசிந்து போகும். கண்ணாடி அணியும் பிள்ளைக்கு இது இருமடங்கு முக்கியம். கண்ணாடிக் காம்பை மெத்தை அழுத்தினால் அரை மணியில் தலைவலி வந்துவிடும். நம் பையன் பத்தாம் நிமிடத்திலேயே முதலாவதைக் கழற்றிக் காதோரத்தைத் தடவிக்கொண்டான். மடலை அழுத்தும் இரண்டாவதை ஐந்து நிமிடமும் வைத்திருக்கவில்லை.

மெத்தையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோல்போன்ற வழவழப்பான மெத்தை வெளி ஓசையை நன்கு தடுக்கும். ஆயின் நமது வெயிலில் சிறிது நேரத்தில் வியர்வை ஊறும். சில ஆண்டுகளில் தோல் உரிந்து பொடியாக உதிரும். துணி மெத்தை காற்றோட்டமானது. வெளி ஓசையைச் சற்று உள்ளே விடும். கழற்றி மாற்றக்கூடிய மெத்தையாக இருத்தல் நலம். வியர்வை உறிஞ்ச மேலுறை தைக்க விரும்பும் தாய்மார்கள் தடித்த துணியைத் தவிர்க்க வேண்டும். சத்திரப்பட்டியில் நெய்யும் மெல்லிய கட்டுத் துணி போன்றதே ஏற்றது. அது வியர்வையை வாங்கும், ஒலியை மறிக்காது, வாரந்தோறும் துவைத்துப் போடலாம். ஒருவர் பயன்படுத்தியதைப் பலரும் மாற்றி மாற்றி அணிந்தால் செவித் தொற்று பரவக்கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

செவிக்கிண்ணத்தின் பின்புறம் மூடியதும் உண்டு, திறந்ததும் உண்டு. திறந்தது காற்றோட்டமானது, இயல்பான ஒலி தருவது. ஆனால் விளையாட்டின் ஒலி வெளியே கசியும், வீட்டின் ஓசை உள்ளே வரும். அமைதியான தனியறை உள்ளோர்க்கு அது பொருந்தும். மிக்சியும் தொலைக்காட்சியும் தெருவோசையும் கலந்த நமது வீடுகளுக்கு மூடியதே பொருத்தம். ஏனெனில் வெளி ஓசை எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளை ஒலியைக் கூட்டுவான். காதுக்குள் செருகிய மலிவு இயர்போனால் நேர்ந்ததும் இதுவே. அது செவித்துளையில் சரியாகப் பொருந்தாமையால் வெளி ஓசை புகுந்தது. அதனை மீற ஒலி உயர்ந்தது.

அடுத்து ஒலியைச் சோதித்தோம். கடைக்காரர் ஒலியளவை உச்சத்தில் வைத்து ஒரு வெடியோசையைப் போட்டார். அதிர்வில் பையன் முகம் மலர்ந்தது. "இதை இறக்குங்கள், கால்பங்குக்கு வையுங்கள், நடந்து வரும் ஓசையை மட்டும் போடுங்கள்," என்றோம். விளக்கு மின்னிய ஹெட்செட்டில் அடித்தொனி மட்டும் முழங்கிற்று. அம்முழக்கத்தில் காலடியோசை மூழ்கிப்போனது. பையனின் விரல் தானாகவே ஒலியைக் கூட்டும் பொத்தானை நாடிற்று. கறுப்பு ஹெட்செட்டில் அதே தாழ்ந்த ஒலியளவில், சரளையின்மேல் நடப்பதும் மரப்பலகையின்மேல் நடப்பதும் வேறு வேறாகக் கேட்டன. கண்ணை மூடிக்கொண்டு, "இடப்பக்கம், பின்னாடி," என்று பையன் கை காட்டினான். ஒலிப்பான் 50 மில்லிமீட்டர் அகலம் என்று முதலாவதன் பெட்டியில் பெருமையாக எழுதியிருந்தது. மூன்றாவது 40 மில்லிமீட்டர்தான். அகலத்தைவிட அமைப்பே பெரிது என்பது அங்கேயே விளங்கிற்று.

அப்பொழுது, "நானும் கேட்டுப் பாக்கேன்," என்று தந்தை கை நீட்டினார். மகன் தன் கையாலேயே அவருக்கு அணிவித்தான். அதே காலடியோசை ஒலித்தது. தந்தை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டாச்சா?" என்று கேட்டார்.

மகன் ஒலியைச் சற்றே கூட்டினான். தந்தை தலையை அசைத்தார். இன்னும் கூட்டினான். எதிரில் நின்ற நமக்கே அவர் செவியில் இருந்து கசிந்த ஒலி கேட்கத் தொடங்கிய பின்னரே, "ஆமா, என்னமோ கேக்குது," என்றார். எந்தப் பக்கம் என்று அவரால் சொல்ல இயலவில்லை. புன்னகையோடு கழற்றி மகனிடம் கொடுத்தார். பையன் அதனை வாங்கிக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. விளக்கு மின்னியதை அவனே எடுத்து ஓரமாக வைத்துவிட்டான். நாம் ஓர் அறிவுரையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தந்தைக்குக் கேளாமற்போனது ஏன் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் ஒரு செவிக்கு ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியலையை நரம்பிற்கு எடுத்துச் செல்வன அவையே. உரத்த ஓசை நாட்கணக்கில் தாக்கும்போது அவை ஓய்ந்து மடிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மடிவன உயர்ந்த சுருதியை உணரும் அணுக்கள். ஆகவே பேருந்தின் உறுமல் கேட்கும். 'ச', 'த', 'ப' என்னும் எழுத்துகளின் கூர்மை மங்கும். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை" என்று முதியோர் சொல்வது இதனால்தான். வலியின்றி, குருதியின்றி நிகழ்வதால் இவ்விழப்பு பல ஆண்டுகள் கழித்தே தெரிய வருகிறது.

நமது நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்று வரம்பிட்டுள்ளன. உலக சுகாதார நிறுவனம் பொழுதுபோக்கிற்காகக் கேட்கும் ஒலிக்கு இதனினும் கடுமையான அளவு சொல்கிறது. பெரியோர்க்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல். பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல். ஒலி மூன்று டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் பெரியவர் ஒருவர் வாரம் முழுவதிலும் கேட்கத்தகுவது நான்கு மணி நேரமே. 100 டெசிபலாயின் இருபது நிமிடம் மட்டுமே. வீடியோ கேம் விளையாடுவோரின் செவிநலன் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2024ஆம் ஆண்டு வெளிவந்தது. ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பற்றிய அவ்வாய்வுகள், பலரும் கேட்கும் ஒலியளவு இவ்வரம்பை நெருங்குவதாகவோ தாண்டுவதாகவோ காட்டின. ஆலையில் நின்ற தந்தைக்குச் சம்பளம் கிடைத்தது. சங்கு ஊதியதும் வெளியே வர முடிந்தது. அறைக்குள் ஹெட்செட்டோடு இருக்கும் பிள்ளைக்குச் சங்கு ஊதுவார் யார்?

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா? ப்ளூடூத் வழியே ஒலி வருவதற்கு நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தாமதமாகலாம். பாட்டுக்கு அது பொருட்டன்று. சுட்டபின் ஓசை வரும் விளையாட்டில் அது தொல்லை. கணினியில் செருகும் சிறு கருவியோடு வரும் கம்பியில்லா ஹெட்செட்களில் இத்தாமதம் மிகக் குறைவு, விலை மிகுதி, மின்னேற்றவும் வேண்டும். கம்பியுள்ளதே மலிவும் உறுதியும் ஆனது. கம்பி ஹெட்செட்டோடு சேரும் இடத்தில்தான் முதலில் அறும். கழற்றி மாற்றும் கம்பியாயின் நன்று.

முனை பொருந்துமா? கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவிகளின் கைப்பிடியிலும் செருகும் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். மைக்கிற்கும் சேர்த்து ஒரே முனை. பழைய கணினிகளில் கேட்பதற்கும் பேசுவதற்கும் தனித்தனித் துளைகள் உண்டு; அதற்குப் பிரிப்புக் கம்பி வேண்டும். யுஎஸ்பி முனையாயின் கணினிக்குத் தடையின்றிப் பொருந்தும். எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தாது.

மைக் எப்படி? குழுவாக விளையாடும் பிள்ளைக்கு இது முக்கியம். வாயருகே வளைந்து வரும் மைக் நன்று. கடையிலேயே பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். தன் குரலைத் தானே செவியில் சிறிது கேட்கும் வசதி சில ஹெட்செட்களில் உண்டு. அது இருந்தால் பிள்ளை கத்திப் பேச மாட்டான். பக்கத்து வீட்டாரும் நிம்மதியாக உறங்குவர்.

நாம் வாங்கிய கறுப்பு ஹெட்செட்டின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு உட்பட்டதே. விளக்கு மின்னியது அதனினும் ஆயிரம் ரூபாய் மிகுதி. விலை உயர்ந்ததே நல்லது என்றோ, மலிவானதே போதும் என்றோ பொதுவிதி கூறுவதற்கில்லை. அணிந்து பார்த்தலும், தாழ்ந்த ஒலியில் கேட்டுப் பார்த்தலுமே விதி.

வாங்கியபின் வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒலியளவை முழு அளவில் 60 விழுக்காட்டிற்கு மேல் ஏற்றாதிருக்கப் பழக்குங்கள். கைப்பேசிகள் பலவற்றில் அதற்கு மேல் ஏறாதபடி வரம்பிடவும் வசதி உண்டு. ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒருமுறை கழற்றி வைக்கட்டும். ஓர் ஆட்டம் முடியும் இடைவேளை அதற்கு ஏற்றது. விளையாடி முடித்தபின் செவியில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டாலும், பஞ்சடைத்தாற் போலிருந்தாலும் செவி எச்சரிக்கிறது என்று பொருள். அடிக்கடி நேர்ந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பேசியிலேயே செவித்திறனை ஓரளவு சோதித்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு இலவசச் செயலி ஒன்றை வெளியிட்டது. அதனைப் பிள்ளையோடு சேர்ந்து வீட்டுப் பெரியோரும் செய்து பார்க்கலாம்.

சாப்பிட வாடா என்று தாய் அழைப்பது கேளாத நிலையில் பிள்ளை இருப்பானாயின், கோபம் கொள்ளுமுன் ஒன்றைப் பாருங்கள்: அவன் கேட்டும் வராதவனா, கேளாதவனா? முன்னதற்குக் கண்டிப்பு மருந்து. பின்னதற்கு ஒலியைக் குறைத்தல் மருந்து. தோளைத் தொட்டு அழைப்பது எப்பொழுதும் நல்ல மருந்து.

நமது ஊரின் பெயரைத் தாங்கிய ராஜபாளையம் நாயை அறியாதார் இல்லை. 2005ஆம் ஆண்டு அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற இனம் அது. முழு வெண்மையான நாய்களில் சில பிறவியிலேயே செவி கேளாதனவாக இருப்பதுண்டு. அதனால் விவரம் அறிந்தோர் குட்டி வாங்கப் போனால் நிறத்தையும் காலையும் பார்ப்பதோடு நில்லார். குட்டி அறியாமல் அதன் பின்னே நின்று மெல்லக் கை தட்டுவர். அது திரும்பிப் பார்த்தால்தான் விலை பேசுவர்.

நாய்க்குட்டிக்குக் காட்டும் இக்கவனத்தை நம் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். ஹெட்செட் வாங்கப் புறப்படுமுன், பெட்டியின் விலையை விசாரிக்குமுன், பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது பின்னே நின்று அவன் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவ்வாறே சொல்லிப் பாருங்கள். அவன் திரும்பிப் பார்க்கும் வரையில், நீங்கள் வாங்கிய ஹெட்செட் நல்லதே.